கம்ப்யூட்டரில் ஆட ஒரு நல்ல ஸ்போர்ட்ஸ் கேம் தேடியவர்கள் வாருங்கள், அனுபவத்தைச் சொல்லுங்கள்

கடைசி ஓவர்:

சுடுகிற கேம் வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் கொட்டிக் கிடக்கிறது. கார் ஓட்டுகிற கேமுக்கும் பஞ்சமில்லை. ஒழுங்கான ஒரு கிரிக்கெட் கேமைத் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும். என் தேடலைச் சொல்கிறேன், நீங்கள் உங்கள் விளையாட்டைப் பற்றிச் சொல்லுங்கள். புதிதாக லேப்டாப் வாங்கிய பிள்ளைகள் யாராவது தேடி வந்தால் உதவும்.

நம்மில் முக்கால்வாசிப் பேர் ஆரம்பித்தது இஏ ஸ்போர்ட்ஸ் கிரிக்கெட் 07-இல்தான். 2006 நவம்பரில் வந்தது. செய்தவர்கள் கனடாவில் நோவா ஸ்கோஷியாவில் இருக்கும் எச்பி ஸ்டுடியோஸ். கிரிக்கெட்டை விட ஐஸ் ஹாக்கி பெரிதாக இருக்கிற ஊரிலிருந்து நமக்கு இந்தக் கேம் வந்தது என்பதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மார்க் நிக்கோலஸும் ரிச்சி பெனோவும் வர்ணனை. அதற்குப் பிறகு, அதை வெளியிட்ட இஏ நிறுவனம் கம்ப்யூட்டருக்கும், டிவியில் மாட்டி ஆடும் கன்சோலுக்கும் கிரிக்கெட் பக்கமே திரும்பவில்லை.

ஆனால் கேம் சாகவில்லை. ரசிகர்களே புதுச் சட்டை, புது வீரர்கள், புது மைதானம் என்று பேட்ச் (கேமை மாற்றும் கூடுதல் ஃபைல்) போட்டுப் போட்டு வருடா வருடம் உயிரோடு வைத்திருந்தார்கள். டிஸ்க் விற்ற காலத்தில் அட்டையில் "ஐபிஎல்" என்று அந்த வருடத்தைப் போட்டு, தோனி படத்தையும் ஒட்டி விற்பார்கள். வீட்டுக்கு வந்து போட்டால் உள்ளே அதே கிரிக்கெட் 07, மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு. இப்போதும் "கிரிக்கெட் கேம் பிசி" என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது இந்த மறுவேட உருப்படிகள்தான். பெயரில் எந்த வருடம் இருந்தாலும், பந்து விழும் இடத்தில் முன்கூட்டியே ஒரு வட்டம் தெரிந்தால், ஃபீல்டர்கள் அதே பழைய ஓட்டம் ஓடினால், அது எது என்று புரிந்துகொள்ளுங்கள். ஆட வேண்டாம் என்று சொல்லவில்லை. புதிது என்று நம்பிக் காசு கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

எனக்கு நிஜமாகவே "கிரிக்கெட் ஆடுகிறேன்" என்று தோன்றியது டான் பிராட்மேன் கிரிக்கெட் 14-இல். மெல்போர்னில் இருக்கும் பிக் ஆன்ட் ஸ்டுடியோஸ் செய்தது. 2014-இல் முதலில் கன்சோலுக்கும் அப்புறம் ஜூனில் கம்ப்யூட்டருக்கும் வந்தது. அதில் வட்டமெல்லாம் இல்லை. பந்து கையை விட்டு வரும்போது பார்த்து, கேம்பேடின் இடது குச்சியில் காலை நகர்த்தி, வலது குச்சியில் மட்டையை வீச வேண்டும். முதல் நாள் நேரான பந்துக்கெல்லாம் போல்டு. பழகிய பிறகு ஒரு கவர் டிரைவ் சரியாகப் பட்டால் வரும் நிம்மதி கிரிக்கெட் 07-இல் அடித்த நூறு சிக்ஸரில் கிடையாது. கேரியர் மோடில் பதினாறு வயதுப் பையனாக ஆரம்பித்து, கீழ் மட்ட ஆட்டங்களில் ரன் சேர்த்து, தேசிய அணிக்குள் நுழைய வேண்டும். ஆறாவது ஆளாக இறங்கி, எதிர்ப்பக்கம் விக்கெட் விழுந்துகொண்டே இருக்க, அடிக்கலாமா தட்டலாமா என்று யோசிக்கும் நேரம்தான் இந்தக் கேமின் உயிர்.

ஒரு சங்கடம் உண்டு. இந்திய அணியின் உரிமம் அவர்களிடம் இல்லை. பெட்டியைத் திறந்தால் யாரோ முகம் தெரியாத ஆட்கள் நீலச் சட்டையில் நிற்பார்கள். கேமுக்குள்ளேயே அகாடமி என்று ஒரு பகுதி இருக்கிறது. மற்ற ரசிகர்கள் முகம், பெயர், ஸ்டைல் எல்லாம் செய்து ஏற்றி வைத்த அணிகளை அங்கிருந்து இறக்கிக்கொள்ளலாம். கிரிக்கெட் 19, 22, 24 என்று பின்னால் வந்தவற்றிலும் இதே வழி. ஆகவே "இந்தியா டீம் இல்லையாமே" என்று பயந்து ஓட வேண்டாம்.

சரி, அடுத்தவர்.

நடுக்கள நாயகன்:

ஃபுட்பால்காரன் சார்பில் ஆஜர்.

எங்களுக்குக் கேம் கிடைக்காத கஷ்டம் இல்லை. கிடைத்தது காணாமல் போகும் கஷ்டம். 1993-இலிருந்து வந்துகொண்டிருந்த ஃபிஃபா பெயர் ஃபிஃபா 23-ஓடு முடிந்தது. 2023 செப்டம்பரில் எஃப்சி 24 என்று புதுப் பெயர் வந்தது. அதே காலத்தில் கடையில் இருந்த பழைய ஃபிஃபாக்களை எடுத்துவிட்டார்கள். மலிவாக இருக்கிறதே, ஃபிஃபா 19 வாங்கிக்கொள்ளலாம் என்று இப்போது ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையிலோ இஏ கடையிலோ போய்த் தேடினால் கிடைக்காது. முன்பே வாங்கியவர்களின் லைப்ரரியில் மட்டும் இருக்கும். ஸ்போர்ட்ஸ் கேமுக்கே இருக்கும் சாபம் இது. கிளப் பெயர், வீரர் முகம், லீக் சின்னம் எல்லாம் வாடகைக்கு எடுத்தவை. ஒப்பந்தம் முடிந்தால் விற்க முடியாது. கொனாமி நிறுவனத்தின் ஃபுட்பால் கேமான பிஇஎஸ் 2021-க்கும் இதே கதிதான்.

இன்னொன்று நிறையப் பேருக்குத் தெரியாது. அட்டையில் ஒரே பெயர் இருந்தாலும் கம்ப்யூட்டருக்கு வருவது வேறு சரக்காக இருக்கலாம். ஃபிஃபா 21, 22 இரண்டும் பிளேஸ்டேஷன் 5-இல் (பிஎஸ்5) புது வடிவத்தில் வந்தபோது நமக்குக் கிடைத்தது பிஎஸ்4-இன் பழைய வடிவம். ஃபிஃபா 23-இல்தான் சரிசெய்தார்கள். டிரெய்லரைப் பார்த்து வாங்காதீர்கள். "பிசி கேம்ப்ளே" என்று போட்டு, யாராவது சாதாரண ஆள் ஆடும் வீடியோவைப் பாருங்கள்.

என் சொந்தக் கட்சி பிஇஎஸ் 2013. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் ஓடும். கிராஃபிக்ஸ் கார்டு தனியாக வேண்டாம். பிஇஎஸ்ஸில் எப்போதும் லைசென்ஸ் தகராறு. சில வருடப் பதிப்புகளில் செல்சி "லண்டன் எஃப்சி", லிவர்பூல் "மெர்சிசைட் ரெட்". என் அண்ணன் லிவர்பூல் ரசிகன், அந்தப் பெயரைப் பார்த்து ஒரு வாரம் பேசவில்லை. ரசிகர் பேட்ச் போட்டால் எல்லாம் சரியாகிவிடும். பேட்ச் இறக்கும்போது மட்டும் கவனம். "டவுன்லோட்" என்று பச்சையாக மின்னும் பட்டன் எதுவும் நிஜ டவுன்லோட் பட்டன் அல்ல.

பிஇஎஸ்ஸுக்குப் பதிலாக கொனாமி இப்போது விடும் இ-ஃபுட்பால் இலவசம். 2021 செப்டம்பர் 30 அன்று வந்தபோது ஸ்டீமில் மக்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். முகங்கள் எல்லாம் கோணல்மாணலாக இருந்த அந்தப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பிறகு நிறையத் திருத்தினார்கள், இப்போது ஆடலாம். பிஇஎஸ்ஸின் மாஸ்டர் லீக்கில் (ஒரு கிளப்பை சீசன் சீசனாக நடத்தும் பகுதி) ஊறிய என்னைப் போன்றவனுக்கு மட்டும் அது ஒட்டவில்லை.

மூன்றாவது ஸ்லிப்:

ஆஷஸ் கிரிக்கெட் 2013-ஐ யாரும் சொல்லவில்லையே. 2013 நவம்பரில் ஸ்டீமில் வெளியிட்டு, சில நாளிலேயே விற்பனையை நிறுத்தி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஃபீல்டர் பந்து பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்க்கும் வீடியோக்கள் இன்னும் இணையத்தில் சுற்றுகின்றன. மனசு சரியில்லாத நாளில் பார்க்கலாம்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எந்த ஸ்போர்ட்ஸ் கேமும் வந்த அன்றே வாங்குவதில்லை. ஸ்டீமில் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். மெனுவில் உட்கார்ந்து அணிக்குச் சட்டை மாற்றும் நேரமும் அந்தக் கணக்கில் சேரும், ஞாபகம் இருக்கட்டும். முதலில் நேராக ஒரு ஐந்து ஓவர் மேட்ச் போட்டுப் பார்த்துவிடுங்கள். இஏ கேம் என்றால் இஏ பிளேயில் ஒரு மாதம் சந்தா கட்டி, புதிதை பத்து மணி நேரம் வரை ஆடிப் பார்க்கும் வழி இருக்கிறது. பிடித்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் அதிலேயே கிடக்கும் பழைய பதிப்பை ஆடலாம்.

ரீபவுண்ட் ராணி:

கடைசி ஓவர் அண்ணா, உங்களுக்காவது தேட ஒரு கிரிக்கெட் கேம் இருந்தது. நான் காலேஜ் டீமில் கூடைப்பந்து ஆடியவள். எங்களுக்கு இருப்பது ஒரே கடை, என்பிஏ 2கே. இஏவின் என்பிஏ லைவ் கம்ப்யூட்டருக்கு 08-ஓடு நின்றுபோனது. அதற்கு அடுத்த வருடம் 2கே9 வந்து இடத்தைப் பிடித்தது. போட்டிக்கு ஆள் இல்லாததால் அவர்கள் வைத்ததே சட்டம். கம்ப்யூட்டர்காரர்களுக்குப் பல வருடம் பழைய தலைமுறைப் பதிப்பையே தள்ளிவிட்டார்கள். 2024-இல் 2கே25 வந்தபோதுதான் கன்சோலில் இருந்த புது வடிவம் நமக்கும் வந்தது. ஆகவே 2கே24-ஐத் தள்ளுபடியில் பார்த்து ஆசைப்படுகிறவர்கள், அதே தள்ளுபடி 25-க்கு வரும் வரை பொறுங்கள்.

கேமில் காசு பிடுங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் ஆளின் ஷூட்டிங்கை உயர்த்த விர்ச்சுவல் கரன்சி, சட்டை வாங்க அதே, எல்லாவற்றுக்கும் அதே. என் தம்பி முறைக்காரன் ஒருவன் அம்மாவின் கார்டை வைத்து ஆடி வீட்டில் பெரிய ரகளை. நான் ஆன்லைன் பக்கமே போவதில்லை. மைஎன்பிஏவில் ஒரு அணியை எடுத்து, சீசன் சீசனாக வளர்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறேன். சில வருடத்தில் அவர்கள் சர்வரை மூடினாலும் இந்தப் பகுதி ஓடும்.

கூடைப்பந்தே வேண்டாம், யாரோடாவது சேர்ந்து சிரித்து ஆட வேண்டும் என்றால் ராக்கெட் லீக். காரை வைத்து ஃபுட்பால். 2020 செப்டம்பரிலிருந்து இலவசம், எபிக் கடையில் இருக்கிறது. தோஹாவில் இருக்கும் என் அண்ணன் பிளேஸ்டேஷனில், நான் இங்கே லேப்டாப்பில், ஒரே அணியில் ஆடுகிறோம். போனில் "சாப்டியா" என்பதற்கு மேல் பேசாத மனுஷன், அதில் மட்டும் வாய் ஓயாமல் திட்டுவான்.

பெஞ்சில் இருப்பவன்:

நான் ஓடுவதும் இல்லை, அடிப்பதும் இல்லை. ஃபுட்பால் மேனேஜர். நல்ல கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் ஏன் இதைப் பார்ப்பதில்லை என்று தெரியவில்லை. 3டியைக் குறைத்து வைத்தால் கிராஃபிக்ஸ் கார்டே வேண்டாம், கேம்பேட் வேண்டாம், மவுஸ் போதும். இங்கிலாந்தின் கீழ் டிவிஷன் கிளப் ஒன்றை எடுத்து, சம்பளம் கொடுக்கக் காசில்லாமல், பதினெட்டு வயதுப் பையன்களைக் கடன் வாங்கி ஆடவைத்து மேலே ஏற்றுவது தனிப் போதை. ராத்திரி "இன்னும் ஒரே ஒரு மேட்ச்" என்று உட்கார்ந்தால் பால்காரர் மணி அடிப்பார்.

வருடா வருடம் வாங்கத் தேவையில்லை. ஃபுட்பால் மேனேஜர் 25-ஐ (எஃப்எம்25) 2025 பிப்ரவரியில் அவர்களே ரத்து செய்துவிட்டார்கள். எல்லோரும் எஃப்எம்24-ஐயே ஆடிக்கொண்டிருந்தார்கள், வீரர் பட்டியலை ரசிகர்களே புதுப்பித்துக் கொடுத்தார்கள், ஒன்றும் குறையவில்லை. கிரிக்கெட்டில் இதே மாதிரி வேண்டுமென்றால் கிரிக்கெட் கேப்டன் இருக்கிறது. பார்க்க எக்செல் ஷீட் மாதிரிதான் இருக்கும், பயந்துவிடாதீர்கள்.

ஹால் டிக்கெட்:

எல்லாருக்கும் வணக்கம். படித்துவிட்டு டான் பிராட்மேன் வாங்கலாம் என்று இருக்கிறேன். கடையில் சாதாரண யூஎஸ்பி கேம்பேட் விலை குறைவாகக் கிடைக்கிறது. அது போதுமா ப்ரோ? கீபோர்டில் ஆட முடியாதா?

கடைசி ஓவர்:

தம்பி, கீபோர்டை நம்பி அதை வாங்காதே. முழுக் கேமும் இரண்டு குச்சிகளை வைத்துக் கட்டியது. ஸ்டீம் பக்கத்தில் கன்ட்ரோலர் பற்றி ஒரு வரி இருக்கும், எந்த ஸ்போர்ட்ஸ் கேமுக்கும் முதலில் அதைப் பார்.

கேம்பேட் விஷயம்: மலிவான பழைய வகை பேட்கள் டைரக்ட்இன்புட் என்ற முறையில் பேசும். புதுக் கேம்கள் எதிர்பார்ப்பது எக்ஸ்இன்புட், அதாவது எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் பேசும் முறை. அதனால்தான் பேட் விண்டோஸில் வேலை செய்யும், கேமில் மட்டும் ஆள் அசையமாட்டான். வாங்கும்போது கடைக்காரரிடம் "எக்ஸ்இன்புட் இருக்கா" என்று கேள். சில பேடில் நடுவில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் முறை மாறும். ஏற்கெனவே பழையது வீட்டில் இருந்தால், ஸ்டீம் செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் ஸ்டீம் இன்புட்டை ஆன் செய்து பட்டன்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடு, பெரும்பாலும் ஓடிவிடும். வலது குச்சி தளர்ந்துபோன பேடை மட்டும் யாராவது இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதே, ஸ்ட்ரெயிட் டிரைவ் எல்லாம் ஸ்லிப்புக்குப் போகும்.

மூன்றாவது ஸ்லிப்:

ஸ்லிப்புக்கு வரட்டும் ப்ரோ, நான் அங்கேதான் நிற்கிறேன்.

தம்பி, இப்போது கடையில் டான் பிராட்மேன் 14 கிடைக்காமல் இருந்தால் தேடி அலையாதே, நடுக்கள நாயகன் சொன்ன லைசென்ஸ் கதை இங்கேயும் உண்டு. அதே ஸ்டுடியோவின் கிரிக்கெட் 19-ஐயோ 22-ஐயோ விழாக்காலத் தள்ளுபடியில் பிடி. டென்னிஸ் ஆடுகிறவர்கள் யாரும் இன்னும் வரவில்லை. டாப்ஸ்பின் 2கே25 எடுத்தவர்கள் இருந்தால் எழுதுங்கள், வாங்கலாமா வேண்டாமா என்று ரொம்ப நாளாக விஷ்லிஸ்டில் கிடக்கிறது.