கொரோலா 110 கார் கினிகத்தேனை ஏற்றத்தில் நின்றது

குழு: மலைநாட்டுச் சொந்தங்கள்

2:38 பெரியப்பா: (ரோஜாப்பூப் படம்) காலை வணக்கம் அனைவருக்கும்.

2:38 பிரியா: பெரியப்பா, மத்தியானம் இரண்டரை.

2:40 பெரியப்பா: பண்டாரவளையில் இப்போதுதான் சிக்னல் வந்தது.

2:47 தினேஷ்: ராஜன் மாமா, இருக்கிறீங்களா? வண்டி சூடாகிவிட்டது. கித்துல்கலை தாண்டி ஏறும்போது ஊசி மெல்ல மெல்ல மேலே போனது. இப்போது சிவப்புக்கு ஒரு விரல் கீழே நிற்கிறது. ஓரமாக நிறுத்திவிட்டேன். பானெட்டுக்குள்ளிருந்து ஆவி வருகிறது.

2:48 ராஜன் மாமா: எஞ்சினை நிறுத்திவிட்டாயா?

2:48 தினேஷ்: நிறுத்திவிட்டேன். பக்கத்திலேயே மலைத்தண்ணீர் விழுகிற பீலி ஒன்று இருக்கிறது. ஒரு போத்தல் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றட்டுமா?

2:48 ராஜன் மாமா: ஊற்றாதே. மூடியில் கையையே வைக்காதே. திறந்த உடனே கொதிநீர் முகத்தில் அடிக்கும். அதோடு கொதிக்கிற இரும்புக்குள் பச்சைத் தண்ணீர் போனால் எஞ்சினின் மேல்பகுதி, அதுதான் ஹெட், விரிசல் விட்டுவிடும். பானெட்டை மட்டும் திறந்து வைத்துவிட்டு முக்கால் மணித்தியாலம் சும்மா இரு.

2:49 கமலா அத்தை: நான் குடையோடு ரோட்டில் நிற்கிறேன். இங்கே மழை கொட்டுகிறது.

2:50 ராஜன் மாமா: வண்டிக்குள் உட்கார வேண்டியதுதானே.

2:50 கமலா அத்தை: புகை வருகிற வண்டிக்குள்ளா? நீங்கள் வந்து உட்காருங்கள்.

2:52 ராஜன் மாமா: அது புகை இல்லை, ஆவி. தினேஷ், நிறுத்துவதற்கு முன் டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்ததா?

2:52 தினேஷ்: இல்லை மாமா.

2:53 ராஜன் மாமா: அப்படியென்றால் பெல்ட் அறுந்திருக்காது. தண்ணீர் பம்பையும் அந்தப் பெல்ட்தான் சுழற்றுகிறது. ஃபேன் ஓடியதா?

2:53 தினேஷ்: நிறுத்தும்போது சத்தமாக ஓடிக்கொண்டுதான் இருந்தது.

2:54 ராஜன் மாமா: நல்லது. இனிமேல் ஏற்றத்தில் ஊசி பாதியைத் தாண்டினால் முதலில் ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுதாகப் போடு. உள்ளே வெந்துபோவீர்கள், ஆனால் எஞ்சின் சூட்டில் கொஞ்சம் அந்த வழியாக வெளியே போகும்.

2:58 பிரியா: மாமா, கோபிக்காதீங்க. அந்த வண்டி 4 லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. விற்றுவிடலாம் என்று நான் போன தீபாவளியிலிருந்து சொல்கிறேன். லீசிங் போட்டுச் சின்னதாக ஒன்று எடுத்தால் அத்தை இப்படி மழையில் நிற்கத் தேவையில்லை.

3:01 ராஜன் மாமா: கோபம் இல்லை பிள்ளை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். இடைப்பட்ட ஐந்து வருசத்தில் பழைய வண்டிக்கு ஏறிய விலை எல்லாருக்கும் தெரியும். இதை விற்று வருகிற காசு புது வண்டியின் வரிக்கே காணாது. சரி, காசை விடு. 4 லட்சம் ஓடிய வண்டியில் என்ன போயிருக்கிறது, என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அடுத்தவன் விற்கிற வண்டியில் அது தெரியாது.

3:02 பிரியா: தெரிந்துதான் ஆவி வருகிறதா?

3:02 பெரியப்பா: 😂

3:04 ராஜன் மாமா: காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு சிரியுங்கள்.

3:06 பெரியப்பா: மச்சான், அந்தத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி. என்னுடைய பழைய கே70 காரில் எடுத்து எத்தனையோ வருசம். ஒரு நாளும் கொதித்ததில்லை.

3:10 ராஜன் மாமா: கொதிக்காது. சூடும் ஏறாது. எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடி வைக்கிற வால்வு அது. பண்டாரவளைக் குளிரில் உங்கள் கே70 கடைவீதிக்குப் போய் வரும்வரை எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. குளிர்ந்த எஞ்சின் பெட்ரோலைக் குடிக்கும், சிலிண்டரும் சீக்கிரம் தேயும். இந்தப் பக்கத்துக் கராஜ்களில் இது ஒரு பழக்கம். வண்டி சூடாகிறது என்று போனால் காரணத்தைத் தேடாமல் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கையில் தந்துவிடுவார்கள். காய்ச்சல் வந்தவனுடைய தெர்மோமீட்டரை உடைக்கிற மாதிரி.

3:11 பெரியப்பா: என் வண்டி புகைச் சோதனையில் இரண்டு முறை தோற்றதற்கும் அதுவா காரணம்?

3:14 ராஜன் மாமா: அது ஒரு பங்கு. இன்னொரு பங்கு, காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற காபரேட்டர். உங்கள் மகன் கொழும்பில் டியூன் பண்ணிக் கொண்டுவந்தான் இல்லையா? அங்கே இருக்கிற காற்று இங்கே இல்லை. மேலே வரவர காற்று மெலியும், ஆனால் அதிலுள்ள ஜெட் துளை அதே அளவு பெட்ரோலைத்தான் விடும். அதனால் இங்கே கலவை கெட்டியாகிவிடுகிறது. கறுப்புப் புகை, பிளக்கில் கரி. இங்கேயே ஒரு மெக்கானிக் பாஸிடம் கொடுத்துச் சரிபண்ணுங்கள். 110க்கு அந்தத் தொல்லை இல்லை, இஞ்செக்‌ஷன். அதுவாகவே குறைத்துக்கொள்ளும்.

3:15 கமலா அத்தை: இங்கே ஆள் ஒருத்தி நனைந்துகொண்டு நிற்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் காபரேட்டர் கதை பேசுகிறீர்கள்.

3:17 தினேஷ்: அத்தையைக் கடையொன்றில் உட்கார வைத்துவிட்டேன். பால் போடாத சாயத்தண்ணி குடிக்கிறார்.

3:20 சுதா: மாமா, நானும் ஒன்று கேட்கிறேன். வெள்ளவத்தையில் ஒருத்தர் நிசான் சன்னி எஃப்பி15 கார் விற்கிறார். 2001ஆம் ஆண்டு வண்டி. மீட்டரில் 98 ஆயிரம்தான். ஒரே ஓனர் ஓட்டியது என்கிறார்.

3:24 ராஜன் மாமா: மீட்டரைப் பார்க்காதே, பெடலைப் பார். கிளச், பிரேக் பெடல் ரப்பரில் கோடு இருக்கிறதா, வழுவழு என்று தேய்ந்திருக்கிறதா? ஸ்டியரிங் பளபளக்கிறதா? டிரைவர் சீட்டின் கதவுப்பக்க ஓரம் நைந்திருக்கிறதா? 98 ஆயிரத்தில் பெடல் ரப்பர் மொட்டையாகாது. ரப்பர் புத்தம் புதிதாக இருந்தால் இன்னும் சந்தேகப்படு. அப்புறம், வெள்ளவத்தை கடற்கரை. கார்ப்பெட்டைத் தூக்கித் தரையைப் பார், டயர் வளைவுகளுக்கு உள்ளே விரலால் தட்டிப் பார். உப்புக்காற்று தின்ற வண்டியை மலைக்குக் கொண்டுவந்தால் மிச்சத்தை மழை தின்றுவிடும்.

3:25 சுதா: எஞ்சின்?

3:27 ராஜன் மாமா: வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது அதில் டைமிங் செயின். நேரத்துக்கு ஆயில் மாற்றியிருந்தால் பயமில்லை. நம்முடைய 110இல் அதற்குப் பதில் டைமிங் பெல்ட், லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டு அறுந்தாலும் இந்த 5ஏ எஞ்சினில் வால்வு அடிபடாது, நடுரோட்டில் நிற்கும், அவ்வளவுதான். டீசல் 2சி எஞ்சினில் அறுந்தால் கதை முடிந்தது. காலையில் போய்ப் பார். இரவு முழுக்க நின்ற வண்டியை நீயே ஸ்டார்ட் பண்ணு. நீ வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம்.

3:41 தினேஷ்: மாமா, முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிட்டது. மேல் ஹோசைத் தொட்டுப் பார்த்தேன், கை வைக்கக்கூடிய சூடுதான்.

3:42 ராஜன் மாமா: சரி. தடித்த துணியைப் போட்டுக் கால் சுற்று மட்டும் திருப்பு. உஸ் சத்தம் நின்ற பிறகு முழுதாகத் திற.

3:44 தினேஷ்: சத்தமே வரவில்லை. ரேடியேட்டரில் தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. ஆனால் ரேடியேட்டரோடு குழாயில் இணைந்த பக்கத்துப் போத்தல் நிரம்பி வழிந்திருக்கிறது.

3:44 ராஜன் மாமா: மூடியின் உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு.

3:45 தினேஷ்: (படம்)

3:47 ராஜன் மாமா: பார்த்தாயா, அந்த ரப்பர் வளையம் பழைய செருப்பு மாதிரி வெடித்துக் கிடக்கிறது. இதுதான் ஆள்.

3:48 பிரியா: ஒரு மூடியா?

3:53 ராஜன் மாமா: ஒரு மூடிதான். அதன் தலையில் 0.9 என்று போட்டிருக்கும். அந்த அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கிற வேலை அதற்கு. அழுத்தம் இருந்தால் தண்ணீர் கொதிப்பது 20 பாகைக்குக் கிட்டத் தள்ளிப்போகும். மூடி கசிந்தால் வண்டியும் நம் வீட்டு அடுப்புக் கேத்தலும் ஒன்றுதான். நுவரெலியா 1868 மீட்டர், அங்கே திறந்த பானையில் 94 பாகையிலேயே தண்ணீர் கொதித்துவிடும். அதனால்தான் மேலே பருப்பு வேக நேரம் எடுக்கிறது. எஞ்சின் ஓடுகிற சூடே 90க்குப் பக்கம். அப்படியென்றால் உயரத்தில் ஏறுகிற வண்டிக்கு மூடிதான் உயிர். அது போனதால் தண்ணீர் போத்தலுக்குப் போயிருக்கிறது, ஆறினபோது திரும்ப இழுக்கவும் முடியவில்லை.

3:54 பெரியப்பா: மூடிக்கு ஒரு பிரசங்கம்.

3:55 ராஜன் மாமா: இன்னும் முடியவில்லை. தினேஷ், ரேடியேட்டருக்குள் மிச்சம் இருக்கிற தண்ணீர் என்ன நிறம்?

3:56 தினேஷ்: அத்தை குடித்த சாயத்தண்ணி நிறம்.

3:57 ராஜன் மாமா: கூலன்ட் பச்சையாக இருந்தது. நான்தான் ஊற்றினேன். பீலித் தண்ணீர் ஊற்றினாயா?

3:59 தினேஷ்: இரண்டு மூன்று தடவை மாமா. குறைந்திருந்தது, கையில் கூலன்ட் இல்லை.

4:01 ராஜன் மாமா: குறைந்தால் ஏன் குறைகிறது என்று கேட்க வேண்டும். ஊற்றிக்கொண்டே இருந்தால் அது நோயை மறைக்கிற வேலை. வெறும் தண்ணீர் உள்ளே துருவேற்றும், துரு ரேடியேட்டர் குழாயை அடைக்கும். சரி, இப்போது வேறு வழியில்லை. பீலித் தண்ணீரே பிடித்து நிரப்பு. மூடி போடாமல் ஸ்டார்ட் பண்ணி வாயைப் பார். குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கிற ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. ஆயில் மூடியையும் திறந்து பார், பால் தேத்தண்ணி நிறத்தில் பசை இருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டது. இரண்டில் எது இருந்தாலும் வண்டியை எடுக்காதே, நான் லொறியோடு வருகிறேன்.

4:02 பிரியா: 🙏

4:13 தினேஷ்: முதலில் இரண்டு மூன்று குமிழி வந்தது, பிறகு நின்றுவிட்டது. ஆயில் மூடி சுத்தம்.

4:13 ராஜன் மாமா: அப்பாடா. அது உள்ளே சிக்கிய காற்று.

4:14 கமலா அத்தை: இவர் இங்கே கூடவே நின்ற மாதிரி அப்பாடா போடுகிறார்.

4:16 ராஜன் மாமா: எஞ்சினை நிறுத்து. த்ரீவீல் ஒன்று பிடித்துக் கினிகத்தேனை டவுனுக்குப் போ. பழைய மூடியைக் கையில் கொண்டுபோ, அதே அளவு, அதே 0.9. கூடுதல் எண் நல்லது என்று கடைக்காரர் 1.1 தருவார், வாங்காதே. பழைய ரேடியேட்டர் தாங்காது.

4:20 பிரியா: மாமா, ஒப்புக்கொள்கிறேன், எஞ்சின் தப்பியது. ஆனால் எனக்கு உண்மையான பயம் பிரேக்தான். காலையில் கீழே இறங்கும்போது கருகின மணம் வந்தது என்று அத்தை எனக்குத் தனியாக அனுப்பியிருந்தார்.

4:21 கமலா அத்தை: அதை ஏன் இங்கே போட்டாய்?

4:27 ராஜன் மாமா: நல்லவேளை போட்டாள். ஹயர் ஓடிய காலத்தில் ரம்பொடை இறக்கத்தில் எனக்கு நடந்தது. வேன் நிறைய ஆட்கள், நான் நாலாம் கியரில் பிரேக்கை மிதித்து மிதித்து வருகிறேன். மூன்றாவது கொண்டையூசி வளைவில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. கால் தரையில், வேன் நிற்கவில்லை. இரண்டாம் கியருக்கு இழுத்து, ஹேண்ட்பிரேக்கையும் பிடித்து, மண்மேட்டில் உரசித்தான் நின்றது. அரை மணித்தியாலம் ஆற விட்டுப் பார்த்தால் பெடல் பழைய மாதிரி கல்லாக இருக்கிறது! பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். சூடேறினால் அந்த ஈரம் கொதித்து ஆவியாகும். ஆவியை அழுத்தினால் அமுங்குமே தவிர பிரேக்கைத் தள்ளாது. நம் ஊர் மூடுபனிக்கு இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை அந்த ஆயிலை மாற்றத்தான் வேண்டும், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். தினேஷ், எந்தக் கியரில் ஏறுகிறாயோ அதே கியரில் இறங்கு. எஞ்சின் இரைந்தால் இரையட்டும்.

4:29 பிரியா: கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

4:30 ராஜன் மாமா: டாஷ்போர்டில் கொப்பி இருக்கிறது. கமலா, பார்த்துச் சொல்லு.

4:36 கமலா அத்தை: உங்கள் எழுத்தைப் படிக்க டாக்டரைத்தான் கூப்பிட வேண்டும். 2006இல் 1,62,000க்கு வாங்கியது என்று முதல் பக்கம். டைமிங் பெல்ட் 2 லட்சத்தில், 3 லட்சத்தில், 4 லட்சத்தில். கிளச் பிளேட் நாலு தடவை. 2022இல் ஒரு பக்கம் முழுக்க பெட்ரோல் கியூ, கியூஆர், வாரம் 20 லீட்டர் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள், அது எதற்கு? பிரேக் ஆயில் 2023 ஜனவரி. அதற்குப் பிறகு தினேஷின் கையெழுத்து. ஆயில் மாற்றியது மட்டும்தான் இருக்கிறது.

4:37 பிரியா: அப்படியென்றால் இரண்டு வருசம் எப்போதோ தாண்டிவிட்டது.

4:38 தினேஷ்: 🙈

4:40 ராஜன் மாமா: ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு தலவாக்கலைக்கு வா. பிரேக் ஆயில், கூலன்ட் இரண்டும் நானே மாற்றுகிறேன். ரேடியேட்டரையும் கழற்றிக் கழுவ வேண்டும்.

4:41 பெரியப்பா: அதே நாளில் நானும் கே70ஐக் கொண்டுவரவா?

4:42 ராஜன் மாமா: தெர்மோஸ்டாட் ஒன்று வாங்கிக்கொண்டு வாருங்கள்.

6:52 தினேஷ்: அட்டன் வந்துவிட்டோம். ஊசி பாதிக்குக் கீழே, வழி முழுக்க அசையவில்லை. மூடியைவிட த்ரீவீலுக்குத்தான் கூடச் செலவு.

6:53 ராஜன் மாமா: கொப்பியில் எழுதினாயா?

6:55 தினேஷ்: (படம்) 4,12,386. ரேடியேட்டர் மூடி புதிது, 0.9. பீலித் தண்ணீர் நிரப்பியது, ஞாயிறு மாற்ற வேண்டும்.

6:57 கமலா அத்தை: அதற்குக் கீழே, கமலா இரண்டு மணித்தியாலம் மழையில் காத்திருந்தாள் என்றும் எழுதச் சொல்லுங்கள்.

6:58 ராஜன் மாமா: கடையில் உட்கார்ந்திருந்தாய் என்றுதானே கேள்விப்பட்டேன்.

6:58 கமலா அத்தை: வீட்டுக்கு வருகிறேன்.