பக்கவாதத்துக்குப் பிறகு ஆக்குபேஷனல் தெரபி எதுக்கு?

குலசேகரம் தம்பி:
அப்பாவுக்கு வயசு 61, ரப்பர் பால்வெட்டு வேலை. நாலு மாசம் முன்னால பக்கவாதம் வந்து வலது பக்கம் தளர்ந்துட்டு. பிசியோதெரபி பார்த்து இப்போ கம்பு ஊன்றி நடக்காவ. ஆனா சோறு ஊட்டுறது, குளிப்பாட்டுறது, உடுப்பு மாத்துறது எல்லாம் அம்மாதான். டாக்டர் ஆக்குபேஷனல் தெரபியும் பார்க்கச் சொல்றார். வேலைக்குத் திரும்பப் போறதுக்கான பயிற்சியா அது?

மார்த்தாண்டம் ராஜன்:
சித்தப்பாவுக்கு பிசியோ மட்டும்தான் பார்த்தோம். ரெண்டும் ஒண்ணுதான்னு நினைக்கேன்.

தக்கலை அக்கா:
ஒண்ணில்லை. பிசியோ கை காலுக்கு பலமும் அசைவும் கொண்டுவரும். அந்தக் கை காலை வச்சு அன்றாட வேலையைத் தானே செய்ய வைக்கிறது ஆக்குபேஷனல் தெரபி. எங்க அம்மைக்கும் வலது பக்கம்தான். தெரபிஸ்ட் முதல்ல கேட்டது, "எதை நீங்களே செய்யணும்னு ஆசை?" அம்மை யோசிக்கவே இல்லை, "கக்கூசுக்குத் தனியா போகணும்"னு சொல்லிட்டா. அதைச் சுத்தியே பயிற்சி தொடங்குச்சு. கட்டில் உயரத்தைக் கூட்டினோம், இடது கை எட்டுற பக்கம் சுவரில் கம்பி பதிச்சோம். பாதத்தைப் பின்னால இழுத்து வச்சு, முன்னால குனிஞ்சு எழும்பப் பழக்கினாங்க.

சட்டை போடும்போது தளர்ந்த கையை முதல்ல நுழைக்கணும், கழற்றும்போது நல்ல கையை முதல்ல எடுக்கணும். தளர்ந்த கையைப் பிடிச்சு இழுத்து எழுப்பாதீங்க, தோள் கெட்டுப்போகும். தட்டு நழுவாம இருக்க அடியில் ஈரத்துணி விரிங்க. கரண்டிப் பிடியில் துணி சுத்தித் தடிப்பாக்கினா தளர்ந்த விரலுக்கும் பிடி கிடைக்கும்.

அம்மாகிட்ட மட்டும் தனியா பேசுங்க தம்பி. பாசத்துலதான் ஊட்டுறாங்க. ஆனா அப்பா அரைமணிநேரம் எடுத்துச் சாப்பிட்டாலும் அவரே சாப்பிடணும்.

குலசேகரம் தம்பி:
சரிக்கா. அப்பா சாரம்தான் (கைலி) உடுப்பாவ. ஒத்தக்கையால இறுக்க முடியலியே?

தக்கலை அக்கா:
இடுப்பில் எலாஸ்டிக் வச்சுத் தைக்கச் சொல்லுங்க. உட்கார்ந்தபடி தளர்ந்த காலை முதல்ல நுழைக்கட்டும். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் தெரபிஸ்ட் உண்டான்னு விசாரிங்க. 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆட்கள் வீட்டுக்கு வந்தா அவங்ககிட்டயும் கேளுங்க.

பால்வெட்டுக் கத்தியை இப்போ கொடுக்காதீங்க. திண்ணையில் உட்கார்ந்து, வலது கையால சிரட்டையை அமுக்கிப் பிடிச்சு, அதுல உறைஞ்சு ஒட்டியிருக்கிற ரப்பர் பாலை, அதான் ஒட்டுப்பாலை, இடது கையால உரிக்கட்டும். தெரபிஸ்ட்கிட்ட இதைச் சொல்லுங்க, அதையே பயிற்சியா வச்சுத் தருவாங்க.