மறு: அக்யூரசி, பிரிசிஷன் இரண்டுக்கும் ‘துல்லியம்’ போதுமா?

நண்பர்களே,

அக்யூரசி என்பது அளவு உண்மை மதிப்பை ஒட்டியிருப்பது; பிரிசிஷன் என்பது திரும்பத் திரும்ப அளந்தாலும் அளவுகள் ஒன்றையொன்று ஒட்டியிருப்பது. இரண்டுக்கும் ‘துல்லியம்’ என்ற ஒரே சொல் போதாது என்பதே என் கருத்து. 100 கிராம் படிக்கல்லை ஒரு தராசில் நான்கு முறை வைக்கிறோம்: 102.31, 102.32, 102.31, 102.30. இன்னொரு தராசில்: 99.2, 100.9, 100.1, 99.8. முதல் தராசு ஒரே தவற்றை விடாமல் சொல்கிறது. இரண்டாவது முறைக்கு ஒன்று சொல்கிறது, ஆனால் சராசரி சரியாக 100. இரண்டையும் ‘துல்லியமற்றது’ என்று எழுதிவிட்டால் கோளாறு எங்கே என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? முதலாவதற்கு அளவுத்திருத்தம் போதும். இரண்டாவதற்கு அது உதவவே உதவாது.

ஆங்கிலச் சொற்களின் வேரைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்ற யோசனை எனக்கு ஒப்பவில்லை. அக்யூரசிக்குள் இருப்பது ‘கூரா’, லத்தீனில் அக்கறை. பிரிசிஷனுக்கு வேர் ‘வெட்டுதல்’; இன்சிஷன், கன்சைஸ் எல்லாம் அதே குடும்பம். அளவுகள் சிதறுவது பற்றி இரண்டிலுமே பேச்சில்லை. நம் துல்லியமோ, சமம் என்று பொருள்படும் ‘துல்ய’ என்ற வடசொல்லின் வழி வந்தது, துலாவுக்கு உறவு. உண்மை மதிப்போடு சமமாக நிற்பது! அக்யூரசிக்கு அதுவே இருக்கட்டும்.

பிரிசிஷனுக்கு ‘நுட்பம்’ என்றால் மீச்சிற்றளவோடு, அதாவது கருவி காட்டக்கூடிய மிகச் சிறிய அளவோடு, குழம்பும். ‘செறிவு’ வேதியியலுக்குப் போய்விட்டது. ‘இறுக்கமான தராசு’ என்றால் முள் சிக்கிக்கொண்டதாகத்தான் தோன்றும். என் பரிந்துரை: சிதறாமை. “இந்தத் தராசில் சிதறாமை அதிகம், துல்லியம் குறைவு” என்று சொல்லிப் பாருங்கள், விளக்கமே வேண்டாம். எதிர்மறைச் சொல் எடுபடுமா என்பவர்களுக்கு, திருக்குறளில் வெகுளாமை, கொல்லாமை, கள்ளாமை என அதிகாரத் தலைப்புகளே இருக்கின்றன.

அப்புறம், அளவீட்டு முறைகளுக்கான ஐஎஸ்ஓ 5725 என்ற பன்னாட்டுத் தரநிலை மூன்றாவதாக ட்ரூனெஸ் என்பதையும் வைக்கிறது: சராசரி உண்மை மதிப்பை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பது. அங்கே அக்யூரசி என்றால் ட்ரூனெஸ், பிரிசிஷன் இரண்டும் சேர்ந்தது. ட்ரூனெஸுக்கு ‘மெய்ம்மை’ பொருந்தும். நம் இரண்டாவது தராசுக்கு மெய்ம்மை உண்டு, சிதறாமை இல்லை.

எனக்கு இன்னும் தமிழ்ச் சொல் பிடிபடாதவை ரிப்பீட்டபிலிட்டியும் ரீப்ரொட்யூசிபிலிட்டியும். ஒரே ஆள் ஒரே கருவியில் அடுத்தடுத்து அளப்பது முன்னது. ஆய்வகமும் ஆளும் கருவியும் மாறிய பிறகும் ஒத்துவருவது பின்னது. ‘அகச்சிதறாமை’, ‘புறச்சிதறாமை’ என்று பிரிக்கலாமா? ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்.