ஒளியில சுத்துற மூலக்கூறு மோட்டார்: வித்தையா, வேலைக்கு ஆகுமா?

காட்பாடி_குமரன்:
சாவேஜ், ஸ்டாடார்ட், ஃபெரிங்கா மூணு விஞ்ஞானிங்களுக்கும் மூலக்கூறு இயந்திரத்துக்காக, அதாவது மூலக்கூறையே பாகமா வச்சுச் செய்யுற குட்டி இயந்திரத்துக்காக, 2016-ல வேதியியல் நோபல் குடுத்தாங்க. இத்தனை வருஷம் ஆச்சு, கடையில வாங்குற மாதிரி ஒண்ணு காட்டுங்க. இது ஆய்வுக்கூட வித்தை.

சத்துவாச்சாரி_செல்வி:
கடையில இருந்தாத்தான் நிஜமாண்ணா? போன மாசம் எங்கக்கா குழந்தைக்கு மஞ்சக்காமாலை. கண்ணுக்குப் பட்டை கட்டி நீல விளக்குக்கு அடியில போட்டாங்க. வெளிச்சம் பட்டதும், உடம்பை மஞ்சளாக்குற பிலிருபின் மூலக்கூறு வடிவம் மாறி, தண்ணியில கரைஞ்சு, பித்தத்தோட வெளிய போயிடுது. ஒளியால மூலக்கூறை ஆட்டிவைக்கிறது இங்க தினமும் நடக்குற வைத்தியம்.

காட்பாடி_குமரன்:
அது சுவிட்ச்சும்மா, மோட்டார் இல்ல. கதவு தொறந்து மூடுறதும் சக்கரம் சுத்துறதும் ஒண்ணா?

பாலாத்தங்கரை_வாத்தியார்:
குமரன் சொல்றது சரிதான். ஃபெரிங்கா 1999-ல செஞ்சது வேற. ரெண்டு பாதி, நடுவுல ரெண்டையும் இணைக்குற அச்சு மாதிரி கார்பன் இரட்டைப் பிணைப்பு. புற ஊதா ஒளி பட்டா ஒரு பாதி திரும்பும். அப்புறம் சூட்டுல இன்னொரு புரளல், அதுதான் பின்னாடி வராம பூட்டிடும். சைக்கிள் ப்ரீவீல் மாதிரி. ரெண்டு தடவை இப்படி நடந்தா ஒரு முழுச் சுத்து. அந்த முதல் மோட்டாருக்கு 60 டிகிரி சூடு வேணும், நம்ம வேலூர் வெயிலே பத்தாது! 2014-ல வினாடிக்கு 1.2 கோடி சுத்து வரைக்கும் கொண்டுவந்துட்டாங்க.

காட்பாடி_குமரன்:
சார், நான் தோல் ஷாப்புல சாயம் வெளுக்குதான்னு விளக்குக்கு அடியில வச்சுப் பாக்குறவன். வெளிச்சம் சாயத்தைத் தின்னுடும். உங்க மோட்டார் எத்தனை சுத்துக்குத் தாங்கும்? புற ஊதா நம்ம உடம்புத் தோலைத் தாண்டி ஆழமாவும் போகாதே.

சத்துவாச்சாரி_செல்வி:
அதனாலதான் இப்ப கண்ணுக்குத் தெரியுற ஒளியில ஓடுறதையும் செய்யுறாங்க. 2013-ல ஃபெரிங்கா குழு ஒரு ஆன்டிபயாடிக்ல ஒளி சுவிட்ச் வச்சாங்க. ஒளி பட்டா வீரியம் ஏறும், நேரம் போகப் போக தானா அடங்கிடும். மிச்சம் சாக்கடையில கலந்து, கிருமி அதுக்குப் பழகுற தொல்லை குறையும்.

காட்பாடி_குமரன்:
மறுபடியும் சுவிட்ச்! மோட்டார் எங்கம்மா?

பாலாத்தங்கரை_வாத்தியார்:
குமரா, உன் விளக்குல எல்லாச் சாயமும் ஒரே மாதிரியா வெளுக்குது?

காட்பாடி_குமரன்:
இல்ல சார். நல்ல கறுப்பு தாங்கும். வெளிர் ரோஸ் சீக்கிரம் போயிடும்.

பாலாத்தங்கரை_வாத்தியார்:
அப்ப தாங்குற மூலக்கூறும் இருக்குன்னு நீயே சொல்லிட்ட.