சித்தப்பா, அந்தப் படத்தை ஹாலில் போடாதீர்கள்

மணி சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு படம் பார்க்கலாம். 1975இல் வந்தது. ஹிட்லர் காலத்துச் சிறை முகாம், உண்மைக் கதையாம். நண்பர் பென் டிரைவில் கொடுத்தார்.

சுதா அத்தை: போர்ப் படமா அண்ணா? சரி, அம்மாவும் பார்ப்பாள்.

நந்தினி: சித்தப்பா, படத்தின் பெயர் என்ன?

மணி சித்தப்பா: இல்சா, ஷீ வுல்ஃப் ஆஃப் தி எஸ்.எஸ். எஸ்.எஸ். என்பது ஹிட்லரின் தனிப்படை.

நந்தினி: ஐயோ! வேண்டவே வேண்டாம். பாட்டி இருப்பார், குழந்தைகள் இருப்பார்கள்.

மணி சித்தப்பா: ஏம்மா? ஆவணச் சான்றுள்ள உண்மை என்று தொடக்கத்திலேயே போடுகிறான். இந்தக் கொடுமை இனி நடக்கக் கூடாது என்று தயாரிப்பாளர் ஹெர்மன் ட்ரேகர் பெயர் போட்டே சொல்கிறாரே.

நந்தினி: அந்தப் பெயரே புனைபெயர். நிஜத் தயாரிப்பாளர் டேவிட் ஃப்ரீட்மன், மலிவுப் படங்களில் ஊறியவர். 9 நாளில் சுருட்டிய படம். பெண்களை ஆடையில்லாமல் நிறுத்திச் சித்திரவதை செய்வதைத் தவிர உள்ளே ஒன்றும் இல்லை. அந்த உபதேச அட்டை சாராயக் கடை வாசலில் மாட்டிய சாமி படம் மாதிரி.

பிரபு: முதல் பாகத்தில் சுடப்பட்டுச் செத்த முகாம் தலைவி இல்சா, அடுத்த ஆண்டே வந்த இரண்டாம் பாகத்தில் அரபு ஷேக்கின் அந்தப்புரத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஆவணச் சான்றாம்! 😂

பிரபு: செட்டும் இரவல்தான். ஹோகன்ஸ் ஹீரோஸ் என்ற டிவி நகைச்சுவைத் தொடருக்குப் போட்டது. அதில் நடித்த ராபர்ட் கிளாரி நிஜத்தில் ஹிட்லர் ஆட்களின் புக்கன்வால்ட் வதை முகாமில் கிடந்து, 1945 ஏப்ரலில் உயிரோடு மீண்டவர்.

சுதா அத்தை: அவரா நகைச்சுவையில் நடித்தார்?

பிரபு: ஆமாம் அத்தை. தொடரில் வருவது போர்க் கைதிகள் முகாம், நான் இருந்த வதை முகாம் வேறு என்று சொல்லியிருக்கிறார்.

மணி சித்தப்பா: அப்போது இல்சா என்று யாருமே இல்லையா?

நந்தினி: இல்சே கோக் என்பவளின் சாயல். புக்கன்வால்ட் தளபதியின் மனைவி. கொடுமைக்காரிதான். 1951இல் ஜெர்மன் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது, 1967இல் சிறையிலேயே தூக்கு மாட்டிக்கொண்டாள். ஆனால் அவள் தளபதியும் இல்லை, டாக்டரும் இல்லை. படத்தில் இல்சா இரண்டுமாக வருகிறாள்.

மணி சித்தப்பா: பெண் டாக்டர் என்பதும் கட்டுக்கதையா?

நந்தினி: அங்கேதான் வயிறு எரிகிறது. ஹெர்டா ஓபர்ஹாய்சர் என்று நிஜமாகவே ஒரு டாக்டர் இருந்தாள். ராவன்ஸ்ப்ரூக் பெண்கள் முகாமில் போலந்துப் பெண்களின் காலைக் கீறி, கிருமியை உள்ளே வைத்து மருந்து சோதித்த கூட்டத்தில் ஒருத்தி. 1947இல் ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் நடந்த போர்க்குற்ற விசாரணையில் 20 ஆண்டு தண்டனை. 1952இல் வெளியே வந்து, ஓர் ஊரில் வைத்தியம் பார்க்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

சுதா அத்தை: அடிப்பாவி! யாரும் கேட்கவில்லையா?

நந்தினி: முகாமில் இருந்த ஒரு பெண் அடையாளம் கண்டுகொண்டார். 1958இல் டாக்டர் உரிமத்தைப் பிடுங்கினார்கள். நிஜத்தில் அந்தப் பெண்கள் கோர்ட்டில் ஏறிப் பேசினார்கள் அத்தை. படம் அவர்களை அலறத்தான் விடுகிறது. என் கோபமெல்லாம் அதில்தான்.

சுதா அத்தை: அவர்கள் பேசியது பார்க்கக் கிடைக்குமா?

நந்தினி: கிடைக்கும். 1946 டிசம்பரில் அந்தப் போலந்துப் பெண்களில் ஒருவரான யாத்விகா ஜிடோ நியூரம்பர்க்கில் சாட்சி சொன்ன படச்சுருள், அமெரிக்காவின் ஹோலோகாஸ்ட் (யூத இனப்படுகொலை) நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் காலைக் காட்ட, பக்கத்தில் நின்று ஒரு மருத்துவர் விளக்குகிறார்.

மணி சித்தப்பா: சரி, அதையே போடுவோம். குழந்தைகள் தூங்கிய பிறகு. பாட்டிக்குத் தமிழில் சொல்வது உன் பொறுப்பு.