மறு: 'எக்ஸ்பெரிமென்டல்' பாடலுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

நால்வர் கொண்ட ஆங்கில ராக் குழுவான பீட்டில்ஸின் பாடல்களில் மிகத் துணிச்சலானது எது என்று தொடங்கிய பேச்சு, 'எக்ஸ்பெரிமென்டல்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று திரும்பியதில் எனக்கு மகிழ்ச்சி. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் கேள்விகள். ஒரு பக்கம் 'டுமாரோ நெவர் நோஸ்', இன்னொரு பக்கம் 'ரெவல்யூஷன் 9' என்று இத்தனை மடல்களாக மல்லுக்கட்டுகிறோம். ஒரே சொல்லை ஆளுக்கொரு பொருளில் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். இதுவரை வந்த பரிந்துரைகளிலிருந்து தொடங்குகிறேன்.

> 'சோதனைப் பாடல்' வேண்டாம். "ஆண்டவன் சோதனை"தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

ஐயா, இந்தக் காரணம் எனக்குப் போதவில்லை. சோதனைச்சாலை, சோதனை ஓட்டம் என்றெல்லாம் சொல்லும்போது யாருக்கும் கஷ்டகாலம் நினைவுக்கு வருவதில்லை. இலக்கிய விமர்சனத்தில் 'சோதனை முயற்சி' வெகுகாலமாகப் புழங்குகிறது. 'பரிசோதனை' என்று நீட்டினால் மருத்துவமனை வாடை வருகிறதே தவிர, பொருள் ஒன்றும் கூடவில்லை. 'முயல்வுப் பாடல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். இலக்கணப்படி சரி. ஆனால் முயல்வு என்ற சொல்லைப் படிக்கிறவர்கள் ஒரு நொடி நின்று யோசித்துத்தான் நகர வேண்டியிருக்கிறது. கலைச்சொல்லுக்கு அந்தத் தடுக்கல் கூடாது.

'சோதனை'யில் எனக்குள்ள சிக்கல் வேறு. அது செய்தவரின் வேலையை விட, கேட்பவரின் வியப்பைத்தான் சொல்கிறது. 1967-இல் வந்த 'விதின் யூ விதவுட் யூ' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். நால்வரில் ஜார்ஜ் ஹாரிசன் மட்டுமே பங்கேற்ற பாடல். தில்ரூபா, தம்புரா, தபலா, ஸ்வர்மண்டல் எல்லாம் உண்டு. நடுவே வரும் கருவியிசைப் பகுதி ஐந்து ஐந்தாக எண்ணிப் போகிறது. லண்டன் ராக் ரசிகருக்கு அது பெரிய சோதனை. நம் கர்நாடக இசையின் கண்ட நடையை, அதாவது ஐந்தின் கணக்கில் போகும் தாள நடையை, கேட்டுப் பழகிய காதுக்கு அந்தக் கணக்கு புதிதே இல்லை. அப்படியானால் அது சோதனைப் பாடலா, இல்லையா? இரண்டு விடையும் சரி என்று வரும்போதே சொல் தளர்ந்துவிடுகிறது. காலமும் அப்படித்தான். 1966-இல் ஒரு குரலைப் பின்னோக்கி ஓட்டியது அதிர்ச்சி. இன்று அது கைப்பேசியில் ஒரு பொத்தான். வியப்பு தேய்ந்துவிடும், செய்த வேலை அப்படியே இருக்கும். கலைச்சொல் அந்த வேலைக்குத்தான் பெயர் வைக்க வேண்டும்.

என்ன வேலை என்று கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். இது தெரியாமல் சொல் அமையாது.

'டுமாரோ நெவர் நோஸ்' பதிவு 1966 ஏப்ரல் 6-ஆம் தேதி, லண்டன் அபே ரோட்டில் இருந்த ஈ.எம்.ஐ. ஒலிப்பதிவுக்கூடத்தில் தொடங்கியது. பாடல் கிட்டத்தட்ட ஒரே 'கார்ட்' (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) மேல் நிற்கிறது. அடியில் தம்புராவின் ரீங்காரம், மேலே ரிங்கோவின் விடாத டிரம்ஸ். இதன்மேல் மறுநாள் ஏறியவைதான் நாடா வளையங்கள். பால் மெக்கார்ட்னி வீட்டில் ஒலிநாடாக் கருவியின் அழிப்புமுனையைச் செயலிழக்க வைத்துவிடுவார். பழைய ஒலி அழியாமல், ஒவ்வொரு சுற்றிலும் ஒலிமேல் ஒலி ஏறிக்கொண்டே போகும். அந்த நாடாவைத் துண்டாக வெட்டி, இரண்டு முனைகளையும் ஒட்டினால் வளையம். இப்படி ஐந்து வளையங்கள், கட்டடத்தின் வெவ்வேறு அறைகளில் இருந்த கருவிகளில் ஒரே நேரத்தில் ஓடின. நாடா தொய்யாமல் இருக்கப் பணியாளர்கள் பென்சிலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கலவை மேசையில் ஒவ்வொரு வளையத்தின் ஒலியையும் கையால் ஏற்றியும் இறக்கியும் கலந்தார்கள். கடற்பறவை கூவுவது போலக் கேட்கும் அந்த ஒலி, வேகம் கூட்டிய ஒரு சிரிப்பு. பாடலின் பின்பாதியில் ஜான் லென்னனின் குரல் ஹாம்மண்ட் ஆர்கனோடு வரும் லெஸ்லி சுழல் ஒலிபெருக்கி வழியே போய் வருகிறது. அப்போது ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமரிக்குக்கு வயது 20. வளையங்களின் கலவையை மறுபடி அதேபோல் செய்துகாட்ட யாராலும் முடியாது. கைகள் அந்த நேரத்தில் போன போக்கு அது.

இங்கே யாரும் ஒரு கருவியை வாசித்து அந்த ஒலியைக் கொண்டுவரவில்லை. பதிந்த ஒலியையே வெட்டி, ஒட்டி, திருப்பி, வேகம் மாற்றிப் பாட்டாக்கியிருக்கிறார்கள். இந்த வேலைக்குத்தான் பெயர் வேண்டும். என் பரிந்துரை: ஒலிப்புனைவு. இந்த முறையில் ஆன பாடல், ஒலிப்புனைவுப் பாடல்.

> புனைவு என்றால் கற்பனைக் கதை என்று ஆகிவிடாதா?

இன்று புனைகதை என்ற வழக்கால் அப்படித் தோன்றலாம். ஆனால் புனைதல் அதைவிட அகலமான சொல். மாலை புனைகிறோம், வேடம் புனைகிறோம், பா புனைகிறோம். நெடுநல்வாடையில் 'புனையா ஓவியம்' என்று வருகிறது. வண்ணம் தீட்டாத கோட்டோவியம். ஆக, புனைதலுக்கு அழகேற்றுவது என்ற பொருளும் உண்டு, உண்டாக்குவது என்ற பொருளும் உண்டு. நமக்கு இரண்டும் தேவை. நம் சண்டையின் முடிச்சே அங்குதான் இருக்கிறது.

'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாடலில் இரண்டு வெவ்வேறு பதிவுகள், 7-ஆவதும் 26-ஆவதும், ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றன. வேகமும் வேறு, சுருதியும் வேறு. வேகத்தை மாற்றி இரண்டையும் ஒன்றுக்கொன்று பொருத்தினார்கள் இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் எமரிக்கும். அசாத்தியமான கைவேலை. ஆனாலும் அந்தப் பாடலை ஒரு கிட்டாரோடு உட்கார்ந்து பாடிவிடலாம். லென்னன் முதலில் அப்படித்தான் பாடினார். அங்கே புனைவு, ஓவியத்தின்மேல் ஏறிய வண்ணம். 'டுமாரோ நெவர் நோஸ்' அப்படி இல்லை. வளையங்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நார்தான், மாலை இல்லை. என் கணக்கில் அதனால்தான் அது முன்னே நிற்கிறது.

அப்புறம், 'ரெவல்யூஷன் 9' பக்கம் நிற்கும் நண்பர்களுக்கு. எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் அந்தப் பதிவை 1968-இல் லென்னனும் யோகோ ஓனோவும் ஹாரிசனின் துணையோடு உருவாக்கினார்கள். வளையங்கள், பின்னோக்கி ஓடும் ஒலிகள், கூட்டத்தின் இரைச்சல், 'நம்பர் நைன்' என்று திரும்பத் திரும்ப வரும் குரல். துணிவில் இதற்கு ஈடு அவர்களிடமே இல்லை. இதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். அதை 'வெறும் சத்தம்' என்று ஒதுக்கிய மடல் எனக்கு வருத்தமாக இருந்தது. கூட்டத்தின் கூச்சல் எங்கே ஏறுகிறது, எங்கே ஒரு குரல் மட்டும் தனித்து நிற்கிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள், கட்டுக்கோப்பு தெரியும். ஆனால் அது பாடல் அன்று. அது முழுக்க முழுக்க ஒலிப்புனைவு. 'ஒலிப்புனைவு', 'ஒலிப்புனைவுப் பாடல்' என்று இரண்டு பெயர் கிடைத்தபின் இரண்டையும் ஒரே தராசில் ஏற்ற வேண்டியதில்லை.

> பியர் ஷேஃபர் 1948-லேயே பாரிஸ் வானொலியில் இதைச் செய்துவிட்டார். 'ம்யூசிக் கோன்க்ரெத்' என்பதை 'பருண்மை இசை' என்று பெயர்க்கலாமே?

வரலாறு சரி, அதை நினைவூட்டியதற்கு நன்றி. தாளில் எழுதிய சுரத்திலிருந்து தொடங்காமல், கண்முன் இருக்கும் ஒலியிலிருந்தே தொடங்குவது என்ற அவருடைய கருத்தைப் 'பருண்மை' நன்றாகவே பிடிக்கிறது. அந்த இயக்கத்துக்குப் பெயராக அதை வைத்துக்கொள்வோம். ராக் பாடலுக்குள் வரும் கைமுறைக்கு அது கனமாக இருக்கிறது. 'பருண்மை இசை கலந்த பாடல்' என்று எழுதினால் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

'எ டே இன் த லைஃப்' எங்கே சேரும் என்று அக்கா கேட்டிருந்தார். நல்ல கேள்வி. 40 இசைக்கலைஞர்கள் 24 'பார்'களுக்குள் (தாளச் சுற்றுகளுக்குள்) தங்கள் கருவியின் தாழ்ந்த ஒலியிலிருந்து உச்சத்துக்கு ஏறுகிறார்கள். அந்தப் பதிவுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டன, உண்மைதான். ஆனால் அந்த ஒலியின் உயிர் வாசித்தவர்களின் கையில் இருக்கிறது. அதை ஒலிப்புனைவில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அதைச் சோதனை என்றே சொல்வோம். அந்தச் சொல்லை நாம் தூக்கி எறியவில்லை. பரந்த பொருளுக்கு அது இருக்கட்டும்.

துணைச்சொற்களில் பெரும்பாலும் சண்டை இருக்காது. 'டேப் லூப்' நாடா வளையம்தான். 'லூப்' என்பதற்குக் கணிமைக்காரர்கள் சொல்லும் 'மடக்கு' இங்கே பொருந்தாது, இது கண்ணால் பார்க்கக்கூடிய வளையம். பின்னோக்கி ஓட்டுவதற்கு 'தலைகீழ்' வேண்டாம். சுரவரிசையை மேல்கீழாகக் கவிழ்ப்பதற்கு அந்தச் சொல் தேவைப்படும். 'ரெய்ன்' பாடலின் முடிவில் வரும் குரலுக்கும், 'ஐம் ஒன்லி ஸ்லீப்பிங்' பாடலில் ஹாரிசனின் கிட்டாருக்கும் 'எதிரோட்டம்' கச்சிதமாக உட்காருகிறது. 1964-இல் 'ஐ ஃபீல் ஃபைன்' தொடக்கத்தில் உறுமும் கிட்டாரின் 'ஃபீட்பேக்' ஒலிக்குப் 'பின்னூட்டம்' போதும். வலைப்பதிவுகளில் கருத்துரைக்கும் அதே சொல் வழங்குகிறதே என்று தயங்க வேண்டாம். மின்னணுவியல் பாடநூல்களிலும் அதுதான் இருக்கிறது.

இன்னும் பிடிபடாதது ஒன்றுதான். 1966-இல் அபே ரோட்டின் ஒலிப்பொறியாளர் கென் டவுன்சென்ட் கண்டுபிடித்த 'ஏ.டி.டி.' (ஆர்டிஃபிஷியல் டபுள் டிராக்கிங்) முறை. ஒரே பதிவை மிகச் சிறிய இடைவெளியில் இன்னொரு நாடாவில் ஓட்டி, ஒருவர் இருமுறை பாடியது போலக் காட்டுவது. 'இரட்டைக்குரல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த முறையைக் கருவிகளுக்கும் பயன்படுத்தினார்கள், ஆகவே குரல் என்று முடிவது சரிவராது. 'தானிரட்டிப்பு' என்று எழுதிப் பார்த்தேன். உச்சரிக்க எளிது, பொருளும் கெடவில்லை. ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கும் நண்பர்கள் இதைப் பேச்சில் இரண்டு நாள் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, நாக்கில் நிற்கிறதா என்று எழுதுங்கள்.