பெரியம்மாவின் தடுப்பூசி இழப்பீடு: புதுப்பிப்பு

2021இல் கோவிட் தடுப்பூசி போட்ட இரண்டே வாரத்தில் கால்கள் செயலிழந்த என் பெரியம்மாவுக்கு அரசிடம் இழப்பீடு கேட்க முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கில்லன் பாரே பாதிப்பு, அதாவது உடலின் எதிர்ப்பு சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய் என்றார்கள் டாக்டர்கள்.

கடலூரில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். பாதிக்கப்பட்டவர்கள் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்றுதான் 2022இல் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு சொல்லியிருக்கிறது. அங்கே அலட்சியத்தை நாம்தான் நிரூபிக்க வேண்டும். வாக்கர் இல்லாமல் வாசலுக்கு வர முடியாதவர் எதை நிரூபிப்பார்? பிரிட்டனில் 1979இலேயே சட்டம் வந்துவிட்டது. யார் தவறு என்று பார்ப்பதில்லை. ஊசியால் 60 சதவீத ஊனம் என்று முடிவானால் 1,20,000 பவுண்டு.

சரி, டிஸ்சார்ஜ் சம்மரி, நரம்புப் பரிசோதனை ரிப்போர்ட், தடுப்பூசிச் சான்றிதழ் எல்லாவற்றையும் சேர்த்து மாவட்டத் தடுப்பூசி அலுவலருக்கு மனு கொடுத்துவிட்டோம். பெரியம்மா ஊசிக்கு எதிரி இல்லை. போன வாரம் பேரனுக்குத் தட்டம்மை ஊசி போடச் சொல்லி அனுப்பியதே அவர்தான்.